ஒன்பதாவது இடம்



நேற்று என் பழைய மாணவன் புனேயிலிருந்து போனில் அழுதான். இன்டர்வியூவில் தேர்வாகவில்லையாம். "எந்த முகத்தோடு ஊருக்கு வருவேன் சார்?" என்றான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1958. ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம் ரயிலேறி வடக்கே போனார். இரண்டு நேர்காணல்கள். முதலில் டெல்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்பப் பிரிவு. பிறகு டேராடூனில் விமானப்படை. மனசெல்லாம் விமானப்படையில்தான். வந்தவர்கள் 25 பேர், 8 பேருக்குத்தான் இடம். கலாம் 9வது. மனமுடைந்து ரிஷிகேஷ் போனார். சுவாமி சிவானந்தர் தேற்றி அனுப்பினார்.

வகுப்பில் நான் இத்தோடு கதையை முடித்துவிடுவேன். அது என் தவறு. அடுத்து நடந்ததுதான் பாடம். கலாம் நேரே ஊர் திரும்பவில்லை. டெல்லிக்குப் போய், தான் பெரிதாக நினைக்காத அந்த முதல் நேர்காணல் என்னவாயிற்று என்று கேட்டார். பணி ஆணை கையில் கிடைத்தது. முதுநிலை அறிவியல் உதவியாளர், அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். 1980 ஜூலை 18-ல் எஸ்.எல்.வி.-3 ரோகிணியை விண்ணில் செலுத்தியபோது திட்ட இயக்குநர் அவரே.

"வேறெங்கும் எழுதிப் போட்டிருக்கிறாயா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஓசூரில் ஒன்று இருக்கு சார். சின்ன கம்பெனி."

"வழியில் இறங்கிக் கேட்டுட்டு வீட்டுக்கு வாப்பா" என்றேன்.