அண்ணீரகம்

ராசிபுரத்தில் போதமலையை அண்ணாந்து பார்க்கிறோம். அண்டை வீட்டில் உறைமோர் வாங்குகிறோம். இரண்டு சொல்லிலும் இருப்பது ‘அண்’. மேல், அருகு என அதற்கு இரு பொருள். கண்+நீர் கண்ணீர் ஆனதுபோல அண்+நீரகம் அண்ணீரகம் ஆயிற்று. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

இச்சுரப்பி நலிந்தால் வருவது அடிசன் நோய். 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் இதை விவரித்தார். தீராத அசதி, உடல் மெலிவு, எழுந்தால் தலைசுற்றல், உப்பின்மேல் அடங்காத ஆசை. உள்ளங்கை ரேகையும் ஈறும்கூடக் கறுக்கும். நம் நாட்டில் காசநோயும் ஒரு காரணம். இச்சுரப்பியில் சுரக்காத கார்டிசோல் ஹார்மோனை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை ஈடுகட்டும். மருத்துவரைக் கேட்காமல் அதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து.