ஊர் கூடி நடத்திய படமாளிகை



கோயில் தேரை ஒருவர் தனித்து நின்று இழுத்துவிட முடியாது. ஊர் கூடியே இழுத்தல் வேண்டும். கூத்தும் நாடகமும் திருவிழாவும் அவ்வாறே ஊராரின் கைப்பொருளாலும் உடலுழைப்பாலும் வளர்ந்தவை. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் பெருங்கலையாகிய சினிமா மட்டும் தொடக்கத்திலேயே வணிகர் கைக்குப் போய்விட்டது. அதனையும் ஊர்ப் பொதுவாக்க முயன்றோர் உளரா? உளரெனின் அம்முயற்சி எங்ஙனம் நடந்தது? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையை இன்று சிறிது ஆராய்வோம்.

தமிழ்நாட்டுப் புறத்தூர்களுக்குச் சினிமாவைக் கொண்டு சென்றவர்களுள் முன்னோடியானவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சிராப்பள்ளியிலே புகையிரதப் பகுதியில் பணியாற்றிய இவர், 1905 ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர், 1914 இல் கோயம்புத்தூரிலே வெரைட்டி ஹால் என்னும் நிலையான படமாளிகையை அமைத்தார். இவர் வழியைப் பின்பற்றிக் கூடாரக் கொட்டகைகள் பல தோன்றின. சினிமா நாட்டுப்புறம் சென்றது உண்மை. எனினும், காசு கொடுத்துப் பார்ப்பதே ஊராரின் பங்காயிற்று. எதைப் பார்ப்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

நம் நாட்டு நிலையும் இதுவே. 1928 இல் சிற்றம்பலம் கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடக்கினார். 1947 இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொரொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது படமாக்கப்பட்டதும் தென்னிந்தியாவிலேயே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தோர் மாலையில் நடந்து சென்று படம் பார்த்துத் திரும்பும் வசதி பெற்றிருந்தனர். 1948 இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு அமைந்தது. அதிலே பணியாற்றி விலகிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், 1956 இல் 'ரேகாவ' என்னும் படத்தைக் கிராமத்தின் திறந்த வெளியிலேயே எடுத்தார். இவ்வாறு கிராமம் திரைக்கு வந்தது. திரையின் மீது கிராமத்துக்கு உரிமையோ வரவில்லை.

படம் பார்ப்போரே கூடிச் சங்கம் அமைத்து, சந்தா செலுத்தி, தாம் விரும்பும் படங்களைத் தருவித்துப் பார்க்கும் முறை ஐரோப்பாவிலே தோன்றியது. இலண்டன் திரைப்படச் சங்கம் 1925 இல் நிறுவப்பட்டது. சத்யஜித் ரேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் வேறு நண்பர்களும் சேர்ந்து 1947 இல் கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தைத் தொடக்கினர். 1959 இல் கல்கத்தா, டில்லி, பம்பாய், சென்னை முதலிய இடங்களின் சங்கங்கள் ஒன்றிணைந்து ஒரு சம்மேளனமாயின. ஆயினும், இவற்றின் உறுப்பினர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற நகரவாசிகளே. நாட்டுப்புறத்து மக்கள் உயர்ந்த படங்களை விரும்பார் என்பது வணிகர் கொள்கை. கற்றோரிற் பலரும் அதனை மறுத்தாரல்லர்.

இக்கொள்கையைச் சோதித்துப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. கர்நாடக மாநிலத்திலே, சிமோகா மாவட்டத்தின் சாகர வட்டத்தில், கமுகந் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஹெக்கோடு என்னும் சிற்றூரே அது. அங்கே 1949 ஆம் ஆண்டில் ஊரார் நாடகம் ஆடுவதற்கென ஒரு சங்கம் தோன்றியது. நீனாசம் என்பது அதன் சுருக்கப் பெயர். கே. வி. சுப்பண்ணா என்னும் கன்னட எழுத்தாளர் அதனை வழிநடத்தினார். 1972 இல் சிவராம காரந்தரின் பெயரால் அரங்கமொன்று எழுந்தது. மறு ஆண்டு, அச்சங்கத்தின் கிளையாகத் திரைப்படச் சங்கம் உருவாயிற்று.

அங்கே காட்டப்பட்டவை எவை? வங்காளத்துப் 'பதேர் பாஞ்சாலி', யப்பானியப் படமாகிய 'ரஷோமோன்', இத்தாலியப் படமாகிய 'சைக்கிள் திருடர்கள்' முதலியன. பார்த்தவர் யாவர்? தோட்டக்காரரும், தொழிலாளரும், ஆசிரியரும், இல்லத்தரசியரும். புனே திரைப்படப் பயிற்சிக் கழகத்துப் பேராசிரியர் சதீஷ் பகதூர் அவ்வூருக்கே வந்து திரைப்பட இரசனை வகுப்பு நடத்தினார். சினிமாக் கலை பற்றிக் கன்னடத்தில் நூல்கள் எழுதப்பட்டன. 1980களில் வெளியுதவியும் கிடைக்கவே, இம்முயற்சி கர்நாடகத்தின் பிற ஊர்களுக்கும் பரவியது. 1991 இல் சுப்பண்ணாவுக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது.

ஹெக்கோடு வெற்றி பெற்றதன் காரணம் யாது? பணத்தை முதற் காரணமாகச் சொல்வதற்கில்லை. படச் சங்கம் தோன்றுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே அவ்வூரார் கூடி உழைக்கும் வழக்கத்தை நாடகத்தால் பெற்றிருந்தனர். மேடை அமைத்தல், விளக்கேற்றுதல், விருந்தினருக்கு உணவு சமைத்தல் ஆகியன அவர்களுக்குப் பழகிய பணிகள். அன்றியும், அயல்மொழிப் படத்தைத் தாய்மொழியில் விளங்கவைக்கும் ஆசிரியப் பணியும் உடன் நடந்தது. கருவி மட்டும் இருந்து இவ்விரண்டும் இல்லையெனின், படமாளிகை வெறும் கட்டடமே.

கேரளத்திலோ இயக்குநர் ஜோன் ஆபிரகாமும் நண்பர்களும் 1984 இல் ஒடேசா என்னும் குழுவை அமைத்தனர். ஊர்தோறும் படங்காட்டி, மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு 1986 இல் 'அம்மா அறியான்' என்னும் படத்தையே ஆக்கினர். பார்ப்போரே படைப்போருக்கு முதல் அளித்தமை இதன் சிறப்பு.

நம் நாட்டிலே 1979 இல் தொலைக்காட்சி வந்தது. 1983 யூலை வன்செயலிலே தமிழர்க்குரிய படமாளிகைகள் எரியுண்டன, தமிழரான கே. குணரத்தினத்தின் விஜயா கலையகமும் தீக்கிரையாயிற்று. பின் வந்த போர், வடக்கிலும் கிழக்கிலும் மாலைப் பொழுதில் மக்கள் ஒன்றுகூடும் வழக்கத்தையே குலைத்தது. 2015 இல் யாழ்ப்பாணத்திலே சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியமை நற்செய்தி. ஆனால், விழா ஆண்டுக்கு ஒருமுறை வருவது. ஊருக்கு வேண்டுவது வாரத்துக்கு ஒரு மாலை.

இன்று படம் கைத்தொலைபேசியிலே வருகின்றது. ஒரே வீட்டில் நால்வர் நான்கு மூலையில் இருந்து நான்கு படம் பார்க்கின்றனர். அருகிருந்து பார்த்து, பார்த்ததைப் பற்றி வாதிட்டு, மாற்றுக் கருத்தைப் பொறுத்துக் கேட்கும் பயிற்சி அருகி வருகின்றது. மூன்று மொழி வழங்கும் நாட்டிலே, ஒருவர் வாழ்வை மற்றவர் அறிவதற்கு இப்பயிற்சி இன்றியமையாதது. பாடசாலை மண்டபங்கள் பல, மாலையிலே பூட்டிக் கிடக்கின்றன. திரையும் நாற்காலியும் அங்கே உள்ளன. திறப்பை வாங்கிச் சென்று கதவைத் திறப்பவரும், படம் முடிந்தபின் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குபவரும், பார்த்த படத்தைப் பற்றிச் சிறுவரிடம் நாலு வார்த்தை பேசுபவரும் ஊருக்கு மூவர் கிடைத்தாற் போதும். ஹெக்கோட்டார் தொடங்கியதை நாமும் தொடங்கலாம்.