பிறப்புப் பதிவும் கூலிப் பேரேடும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு குறிப்பு

பிறப்புப் பதிவு நடுநிலையான ஆவணம் என்னும் கொள்கை, மலையக வரலாற்றை நோக்குமிடத்து நிலைபெறாது. கங்காணி முறை மேலோங்கியிருந்த காலத்தில், தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ அவன் எத்தோட்டத்துக்கு உரியவன் என்பதைத் தீர்மானித்தது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. பெயரை எழுதும் அதிகாரமோ நிர்வாகத்திடமே தங்கிற்று. பலாங்கொடைப் பகுதி லயமொன்றில் நிகழ்ந்த பிறப்பு, பெரியதுரையின் அலுவலகம் வழியாகவே பதிவாளரைச் சென்றடைந்தது. தமிழறியாதார் கையில் ஒரே தந்தையின் பெயர் ஏட்டுக்கு ஏடு வேறுபட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது இம்மக்களிடமே.

இப்பின்னணியிலேயே தத்துப் பிள்ளைகளின் பிரச்சினையை நாம் அணுகவேண்டும். 1970களிலும் 1980களிலும் ஏறத்தாழ 11,000 குழந்தைகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துச் சென்றனர் என்பது பரவலான மதிப்பீடு. தோட்டப் பெண்களின் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அயல்நாட்டு அலுவலருக்குப் பிறப்புச் சான்றும் தாயின் சம்மதமும் தேவைப்பட்டன. சந்தை அவற்றை உற்பத்தி செய்தது. தாயாக நடிக்கக் கூலி பெற்ற பெண்கள் நீதிமன்றில் நின்றனர். (நடித்தவளும் வறியவளே என்பதை ஐரோப்பியச் செய்தியாளர் பலர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.) குடியுரிமை கோரிய பாட்டனுக்குக் கிட்டாத கடதாசி, பேரக்குழந்தையை ஏற்றுமதி செய்வதற்கு விரைவிற் கிட்டியது!

2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இம்மோசடியை வெளிக்கொணர்ந்தது. 2020இல் சுவிஸ் அரசும் 2021இல் நெதர்லாந்து அரசும் தம் நிர்வாகத் தவறுகளை ஒப்புக்கொண்டன. எனினும் தீர்வாகப் பேசப்படுவது பெரும்பாலும் கோப்புகளைத் திறத்தலே. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், வயதுவந்த தத்துப் பிள்ளைகள் தம் மூலப் பிறப்புப் பதிவைப் பார்வையிட வழிசெய்தது. அவ்வுரிமை, பதிவு மெய்யானது என்னும் எடுகோளில் நிற்பது. இங்கோ கோப்பைத் திறந்தால் வேறொருத்தியின் பெயர் கிடக்கலாம். மரபணுச் சோதனையும், தாய்வழி உறவினர் எவரேனும் சோதித்துக்கொண்டாலன்றிப் பயன்தராது.

வேறொரு சான்று உண்டு. 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளை பெற்ற தொழிலாளிக்குத் தோட்டம் பணம் கொடுக்கவேண்டியிருந்தது. கொடுத்த பணம் கணக்கில் ஏறும். பேறுகாலத்தில் அவள் வேலைக்கு வராத நாட்களும் செக்ரோலில் தெரியும். அன்பினால் எழுதப்பட்டவையல்ல அவை. சதக் கணக்குக்காக எழுதப்பட்டவை. ஆதலாலேயே தரகனின் கை அவற்றைத் தீண்டத் தேவையிருக்கவில்லை எனலாம். பிள்ளைக்காம்பராப் பதிவுகளையும் இவற்றோடு சேர்த்தெண்ணலாம்.

ஆனால் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களிலும் 1992இல் தனியார் கம்பனிகளிடம் நிர்வாகம் சென்றபோதும் இவ்வேடுகள் கைமாறின. இடையில் 1977இலும் 1981 ஆகஸ்டிலும் நிகழ்ந்த வன்செயல்களால் இரத்தினபுரி மாவட்டக் குடும்பங்கள் பல வடக்கு நோக்கிப் பெயர்ந்தன. எஞ்சியுள்ள பேரேடுகள் கறையானுக்கு இரையாகுமுன் தேசிய சுவடிகள் திணைக்களம் அவற்றைப் பொறுப்பேற்றல் வேண்டும். தேடி வருவோர்க்கு மட்டுமன்றி, தேடப்படும் தாய்க்கும் அவற்றைப் பார்வையிடும் உரிமை இருத்தல் வேண்டும்.