யோசப் ஷ்மிட்

யோசப் ஷ்மிட் (4 மார்ச் 1904 – 16 நவம்பர் 1942) யூத ஜெபாலயப் பாடகர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய வானொலியில் பெரும்புகழ் பெற்ற ஓப்பரா டெனர். மேடை தராத இடத்தை இவருக்கு வானொலி தந்தது. நாஜி ஆட்சி அதையும் பறித்துக்கொண்டது.

இளமையும் ஜெபாலயமும்

அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் புக்கோவினா பகுதியில், இன்று உக்ரைனில் உள்ள டவிடெனி என்ற சிற்றூரில், ஆசாரமான யூதக் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் குடும்பம் செர்னோவிட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஜெபாலயப் பாடகர் குழுவில் சிறுவனாகப் பாடத் தொடங்கி, பிற்பாடு ஹசானாகவும் பணியாற்றினார்.

வழிபாட்டில் சபையின் சார்பாக வேண்டுதல்களைப் பாடுபவரே ஹசான். ஆசார ஜெபாலயங்களில் ஓய்வுநாள் வழிபாட்டுக்குப் பக்கவாத்தியம் கிடையாது. தாளக்கட்டும் பெரும்பாலும் இராது. மரபான பண்களுக்குள் நின்று, சொல்லின் பொருளுக்கேற்ப ஹசான் தாமே விரித்துப் பாடவேண்டும். பிருகாக்களும் மேல் ஸ்தாயியில் தயங்காத சஞ்சாரமும் ஷ்மிட்டுக்கு இந்தப் பயிற்சியில் கைவந்தவை. 1920களில் பெர்லின் சென்று ஹெர்மன் வைசன்போர்னிடம் மேற்கத்திய செவ்வியல் இசை கற்றார்.

வானொலியும் திரையும்

ஷ்மிட்டின் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். காதல் நாயகனாக ஓப்பரா மேடையேற அது தடையானது. 1929இல் பெர்லின் வானொலி, மெயர்பேரின் ‘ஆப்பிரிக்கப் பெண்’ ஓப்பராவில் வாஸ்கோ ட காமா வேடத்தை இவருக்கு அளித்தது. தொடர்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஓப்பராக்களை வானொலிக்காகப் பாடினார். அதே காலத்தில் பெர்லின் சீர்திருத்த யூத சபையின் வழிபாட்டு இசைப்பதிவுகளிலும் பங்கேற்றார்.

அதோல்ஃப் ஆதாமின் ‘லோன்ஜுமோ தபால் வண்டிக்காரன்’ ஓப்பராவிலிருந்து இவர் பாடிய இசைத்தட்டு குறிப்பிடத்தக்கது. டெனர்களின் எல்லையாகக் கருதப்படும் ‘உயர் சி’க்கும் மேலே உள்ள ‘டி’ சுரத்தை அதில் முழுக்குரலில் எட்டுகிறார்.

ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இயக்கிய ‘ஒரு பாடல் உலகைச் சுற்றுகிறது’ என்ற படம் 1933 மே 9 அன்று பெர்லினில் வெளியானது. நாயகன் ஷ்மிட்; இசை ஹான்ஸ் மே. மறுநாள் அதே நகரில் நாஜிகள் நூல்களைக் குவித்து எரித்தனர். ஜெர்மன் வானொலி யூதக் கலைஞர்களுக்குக் கதவடைத்தது.

புலம்பெயர்வும் மறைவும்

வியன்னாவுக்குச் சென்ற ஷ்மிட் அங்கும் படங்களில் நடித்தார். 1937இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடினார். 1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டதும் பெல்ஜியத்தில் குடியேறினார். 1939இல் பிரஸ்ஸல்ஸில் புச்சீனியின் ‘லா போயேம்’ ஓப்பராவில் ரொடோல்ஃபோவாக மேடையேறினார். வெகுகாலம் மறுக்கப்பட்ட வாய்ப்பு, போர் நெருங்கிய வேளையில்தான் கைகூடியது.

1940இல் பிரான்சுக்குத் தப்பினார். அங்கும் யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது, 1942இல் அனுமதியின்றி எல்லை கடந்து சுவிட்சர்லாந்தில் நுழைந்து, கிரன்பாட் அகதி முகாமில் அடைக்கப்பட்டார். நோயுற்று சூரிக் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, நெஞ்சுவலி என்று சொன்னதை மருத்துவர்கள் பொருட்படுத்தாமல் முகாமுக்குத் திருப்பி அனுப்பினர். சில நாட்களில், முகாமுக்கு அருகிலிருந்த விடுதியில் மாரடைப்பால் இறந்தார். வயது 38. சூரிக் யூதக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவு

இவரது வாழ்க்கை 1958இல் திரைப்படமானது. சுவிஸ் எழுத்தாளர் லூக்காஸ் ஹார்ட்மன் இவரது இறுதி மாதங்களை 2019இல் நாவலாக்கினார். பெர்லினில் ஓர் இசைப்பள்ளி இவர் பெயரைத் தாங்கியுள்ளது. வழிபாட்டுப் பாடல்களும் ஓப்பரா ஆரியாக்களும் அடங்கிய இவரது பதிவுகள் இன்றும் மறுவெளியீடு காண்கின்றன.