நாற்பதாம் சங்கீதமும் ஒரு ராக் குழுவும்

ராக் இசையில் இறைநம்பிக்கைக்கு என்ன வேலை என்று நம்மில் பலர் முகம் சுளிப்போம். அயர்லாந்தின் யூ2 குழுவினருக்கே அந்தச் சந்தேகம் வந்தது. டப்ளினில் ஷாலோம் என்ற கிறிஸ்துவ ஐக்கியத்தில் இருந்த போனோ, எட்ஜ், லேரி மல்லன் மூவரும், பக்தியா மேடையா என்ற குழப்பத்தில் 1981-இல் குழுவையே விட்டுவிடப் பார்த்தார்கள். நல்லவேளை, விடவில்லை.

பக்கத்தில் வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1983-இல் வெளிவந்த அவர்களின் இசைத்தட்டுக்குப் பெயரே 'வார்', அதாவது போர். கடைசிப் பாடலைப் பதிவு செய்ய நேரமே இல்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஆடம் கிளேய்ட்டனும் கூடத்தில் இல்லை. எட்ஜே அதையும் வாசித்தார். போனோ வேதாகமத்தின் 40-ஆம் சங்கீதத்தைப் பாட்டாக்கினார். பாடலின் பெயரும் '40'தான்.

குழியில் விழுந்தவன் பொறுமையோடு காத்திருந்து மீண்ட கதை அந்தச் சங்கீதம். போனோ அதோடு நிற்கவில்லை. இன்னும் எவ்வளவு காலம் என்று கடவுளிடமே கேட்கும் 6-ஆம் சங்கீதத்தின் தவிப்பையும் சேர்த்தார். என்னைக் கேட்டால், ஆறுதலே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நிகழ்ச்சி முடிவில் குழுவினர் ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்கிய பிறகும் கூட்டம் அதைத்தான் பாடிக்கொண்டிருக்கும்.

வட அயர்லாந்து அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாக மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1998, ஏப்ரல் 10. அன்று புனித வெள்ளி.