வீட்டு முற்றத்தில் ஆற்றுக்கால் பொங்காலை

திருவனந்தபுரம் நகரில் பத்மநாபசுவாமி கோயிலுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில், கிள்ளியாற்றை ஒட்டி அமைந்துள்ளது ஆற்றுக்கால் பகவதி கோயில். இக்கோயிலின் தெய்வம் கண்ணகியே என்னும் மரபு வலுவாக வழங்குவதால் தமிழாய்வுலகின் கவனத்திற்கு இது உரியதாகிறது. பத்து நாள் விழாவின் ஒன்பதாம் நாளில், மாசித் திங்களில் பூரமும் முழுநிலவும் கூடும் வேளையில், பெண்கள் பொங்காலை இடுவர். 1997இல் 15 இலட்சம் பெண்களும் 2009இல் 25 இலட்சம் பெண்களும் கூடியதாகக் கின்னஸ் ஏடு பதிவு செய்தது. இவ்வெண்ணிக்கைகளின் பெருமையிலேயே பேச்சு நின்றுவிடுவதால், சடங்கின் உள்ளமைப்பு போதிய அளவு நோக்கப்படவில்லை எனலாம். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகத் தெருக்களில் அடுப்பு மூட்ட இயலாது போயிற்று. கோயிலில் பண்டார அடுப்பு மட்டும் எரிய, பெண்கள் தத்தம் வீடுகளிலேயே பொங்காலை இட்டனர். வீட்டில் இடப்பட்டது ஆற்றுக்கால் பொங்காலைதானா, அன்றி அதன் நிழலா என்னும் வினா அப்போது எழுந்தது.

இவ்வினாவிற்கு விடை காண, நெருப்பு கைமாறும் முறையை முதலில் அறிதல் வேண்டும். விழா தொடங்கும் காப்புக்கட்டு நாள்முதல் கோயிலில் தோற்றம்பாட்டு பாடப்படுகிறது. கண்ணகி கதையே அதன் பொருள். எனினும் சிலப்பதிகாரத்தின் வழிமொழிதலாக அதனைக் கொள்ள இயலாது. கோவலன் அதில் பாலகன் எனப்படுகிறான். அவன் கொலையுண்ட துயரைக் குறித்து ஏழாம் நாள் நடை வழக்கத்தினும் தாமதமாகவே திறக்கப்படும். ஒன்பதாம் நாள் முற்பகலில் பாண்டியன் வதைப் பகுதி பாடி முடிந்ததும், தந்திரி கருவறை விளக்கிலிருந்து சுடரை எடுத்து மேல்சாந்தியிடம் அளிப்பார். அச்சுடர் திடப்பள்ளி அடுப்புக்கும், அடுத்துப் பண்டார அடுப்புக்கும் செல்லும். செண்டை முழங்க, கதினா வெடி அதிர, அங்கிருந்து அடுப்பிலிருந்து அடுப்பாகத் தெருக்களெங்கும் அது பரவும். மதுரையை எரித்தவளின் வெற்றியைப் பாடி மூட்டும் தீ, சோறாக்கும் தீயாக மாறுவது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

வீட்டுப் பொங்காலையில் அறுபட்டது இந்தத் தீத்தொடர்தான். பண்டார அடுப்பின் சுடர் வீடுகளை எட்டவில்லை. வீட்டு விளக்கிலிருந்தே அடுப்பு பற்றவைக்கப்பட்டது. அறுபடாது நின்றது காலம். கோயிலில் தீ மூட்டும் வேளையைத் தொலைக்காட்சி வழி அறிந்து, அதே வேளையில் முற்றத்திலோ மாடியிலோ மூன்று செங்கல் கூட்டிப் புதுமண்பானை ஏற்றினர். வெண்பொங்கல், சர்க்கரைப் பாயசம், வயணை இலையில் பொதிந்து அவிக்கும் தெரளி, தலைநோய் தீர நேர்ந்து படைக்கும் மண்டைப்புட்டு ஆகியவற்றில் குறைவில்லை. பிற்பகலில் நிவேதிக்கும் நேரத்தில்தான் பெரிய மாற்றம் நேர்ந்தது. தெருவில் பூசகர்கள் சுற்றிவந்து தீர்த்தம் தெளிப்பது வழக்கம். வீட்டிலோ அதனைத் தெளித்தவர் பொங்காலையிட்ட பெண்ணே. சமைப்பவர் ஒருவர், படைப்பவர் வேறொருவர் என்ற பகுப்பு அவ்விரண்டு ஆண்டுகளில் இல்லாது போயிற்று.

இம்மாற்றத்தைப் புதுமை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. இந்திரவிழவூரெடுத்த காதையில் நாளங்காடிப் பூதத்திற்கு மறக்குடி முதுபெண்டிர் தாமே பொங்கல் உள்ளிட்டவற்றைப் படைக்கின்றனர். இடையில் பூசகர் எவரும் சுட்டப்படவில்லை. கொலைக்களக் காதை இதனினும் நெருங்கிய சான்று. மாதரியின் சிறுமனையில் ஐயை வைக்கோல் தீ மூட்டித் தர, பழக்கமற்ற கையால் விரல் சிவக்க, முகம் வியர்க்கக் கண்ணகி சமைக்கிறாள். கோவலன் உண்ட இறுதி உணவு அது. கண்ணகியின் பெயரால் நிகழும் ஒரு சடங்கு சமையலாகவே அமைந்திருப்பதற்கு மதுரை எரிந்த காட்சியைக் காட்டிலும் இவ்விடைச்சேரி அடுப்பே பொருத்தமான இலக்கிய இணை எனத் தோன்றுகிறது. ஆற்றுக்கால் வழக்கம் சிலம்பிலிருந்து நேரே இறங்கியது என்று இதனால் நிறுவ முடியாது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். தலபுராணம் வேறு வழியில் செல்கிறது: முல்லுவீட்டுத் தலைவரிடம் ஆற்றைக் கடத்திவிடக் கேட்ட சிறுமி மறைந்து, பின் கனவில் தோன்றிக் காவில் மூன்று கோடுகள் கண்ட இடத்தில் தன்னை நிறுவச் சொன்னாள் என்பதே அது.

வீட்டு வழிபாட்டை உயர்த்திப் பேசுவோர் அதில் விடுபட்டதையும் கணக்கிடல் வேண்டும். முன்பின் அறியாத பெண்ணின் அடுப்பிலிருந்து கொள்ளியை வாங்கித் தன் அடுப்பை மூட்டும் உறவு வீட்டில் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வரும் பெண்களுக்கு இவ்விழப்பு இருமடங்கு. 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அவர்கள் ஆற்றுக்காலுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. மண்டைக்காட்டில் மாசிக்கொடைக்கு மண்டையப்பம் படைக்கும் கைகளுக்கு ஆற்றுக்கால் மண்டைப்புட்டு அயலானதன்று. 2023 மார்ச் 7இல் தெருப் பொங்காலை மீண்டபோது செங்கல் அடுப்புகள் மறுபடி சாலையோரங்களை நிறைத்தன. நிவேதிக்கும் தீர்த்தமும் பூசகர் கைக்கே திரும்பிற்று.