முருங்கைத் தடி

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு எருக்கலம்பிட்டிக்குப் போய்த் திரும்பிய உம்மா கொண்டுவந்தது ஒரேயொரு முருங்கைத் தடி. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது விட்டுவந்தவற்றின் பட்டியல் எங்கள் வீட்டில் நீளமானது. அதில் முருங்கை இருந்ததில்லை. ஆனால் வளவில் மிஞ்சி நின்றது அதுதான். புத்தளத்துக் குடிசைக்குப் பின்னால் நட்டோம், தளிர்த்தது.

"இதுவும் குளோனிங்தான்" என்றேன். உம்மா நம்பவில்லை. அப்போது அச்சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் நினைவில் வந்தது டொலி என்னும் செம்மறியாடு. சொல்லின் பிறப்போ தோட்டத்தில். கொப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை, தடியாலும் கிழங்காலும் பெருகும் செடிகளுக்கு 1903இல் சூட்டியவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹேர்பேர்ட் வெபர். அதை மனிதர் பக்கம் திருப்பியது 1963இல் ஜே.பி.எஸ். ஹோல்டேன் ஆற்றிய உரை. பிரித்தானியாவை விட்டு இந்தியாவுக்கு வந்து குடியேறிய அவர், மறு ஆண்டு புவனேஸ்வரத்தில் காலமானார். நம் மலையகத்தில் தடி வெட்டி நட்ட தேயிலை நிற்கும் தோட்டங்களும் இவ்வகைப் பிரதிகளே. அவற்றைக் கண்டு யாரும் அஞ்சியதில்லை.

அச்சம் ஆட்டோடு வந்தது. ஸ்கொட்லாந்தின் ரொஸ்லினில் ஆறு வயது ஆடொன்றின் மடிக்கலத்திலிருந்து, 277 முயற்சிகளில் ஒன்று பலித்து, 1996 ஜூலை 5இல் டொலி பிறந்தது. உலகம் அறிந்தது 1997 பெப்ரவரியில். அதே ஆண்டின் நடுப்பகுதியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி மனிதக் குளோனிங்கைத் தடுத்தது. தாவரத்திலும் விலங்கிலும் மரபணு நுட்பங்களை வரம்புகளோடு அனுமதித்தது. அந்தப் பகுப்பு நம் ஜும்ஆப் பேச்சுகளை எட்டியதாக எனக்கு நினைவில்லை. எட்டியது, இறந்த பிள்ளையைத் திரும்பச் செய்துவிடலாம் என்ற கதைதான். 2002 டிசம்பரில் ஒரு கூட்டம் 'ஏவாள்' என்ற குளோன் குழந்தை பிறந்ததாக அறிவித்தது. சான்று இன்றுவரை இல்லை.

அதற்கு ஓராண்டு முன் டெக்சாஸில் பிறந்த குளோன் பூனையின் உரோம நிறம் தாய்க்கலம் தந்த பூனையுடையதைப் போல இருக்கவில்லை. மரபணு ஒன்று, உடம்பு வேறு. உம்மாவும் அதையே சொன்னார்: "ஊர் முருங்கதான் மகன். ஆனா காய்ல அந்த ருசி இல்ல."

மன்னாரின் அடையாளமான மரங்களின் கதை வேறு. பனை தடியால் பெருகாது. கொட்டை முளைத்து, பூக்கும்வரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. பள்ளிமுனையில் 19 மீற்றருக்கு மேல் சுற்றளவோடு நிற்கும் பெருக்க மரத்தின் இனத்தை அறபு வணிகர் கொணர்ந்ததாக வாய்வழக்கு. 2015இல் வெளியான மரபணு ஆய்வொன்று, இந்தியாவின் பெருக்க மரங்கள் ஆபிரிக்காவிலிருந்து ஒரு தடவையல்ல, பல தடவைகள் வந்தவை என்று காட்டியது. கப்பலில் வந்த விதை ஒவ்வொன்றும் தனி மரம், பிரதியல்ல.

2010இல் ஊர் திரும்பியபோது வளவில் பழைய முருங்கை பட்டுப்போயிருந்தது. புத்தளத்து மரத்தில் ஒரு தடி வெட்டி எடுத்துப்போயிருந்தோம். அதே குழியில் உம்மா அதை நட்டார்.